சர்க்கார் பானை

“ரெண்டையுமா குடுத்தே?”

“ரெண்டையும்தான். ஒண்ணைக் குடுத்து ஒண்ணை வச்சிக்கிடதுக்கு அது என்ன கத்தரிக்காயா?”

“அந்தச் சின்னப் பானையையுமா?”

“சின்னது என்ன, பெரிசு என்ன? ரெண்டும் மகமைதானே? போன சித்திரையில நீங்கதானே மஞ்சளைத் தடவி, வாயில துணியைக் கட்டி வச்சிய? ‘ஏளா, இதுவும் மகமை. ஒருத்தர் கையும் படக்கூடாது’ன்னு சொன்னிய. சொன்னியளா இல்லையா?”

“சொன்னேன்.”

“பெறவு என்ன?”

வெள்ளத்துரை தரையைப் பார்த்தார். தராசு மேடைக்குப் பின்னால், சுவரோரம், பானைகள் இருந்த இடம் மட்டும் கருப்பட்டிப் பிசுக்கு ஏறாமல் இரண்டு வட்டங்களாக வெளுத்திருந்தது. சின்ன வட்டத்தின் மேல் அதற்குள் எறும்பு ஊரத் தொடங்கியிருந்தது. உடன்குடியிலிருந்து வண்டியில் வந்து இறங்கியவர் நனைந்த துண்டைக்கூட இன்னும் பிழியவில்லை. அது அவர் தோளிலிருந்து முதுகு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி முத்துக்கனிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. நேற்றைய சந்தோஷம் இன்னும் அவள் முகத்தில் இருந்தது.

“நேத்து நீங்க இருந்திருக்கணும். தாணுலிங்க மாமாவே வந்தாவ. கூட ரெண்டு பேரு. பெரிய பானையை இறக்கிக் குடுத்தேன். ‘இம்புட்டுத்தானா தாயி’ன்னு சும்மா சிரிச்சாவ. நான் விடுவனா? ‘இன்னொண்ணும் இருக்கு மாமா’ன்னு அதையும் எடுத்துக் குடுத்தேன். மாமா கையில வாங்குனதும் அப்படியே நின்னுட்டாவ. தூக்கும்போதே தெரியுமில்லா, காசுச் சத்தமே இல்ல, பூரா நோட்டுன்னு? ‘இந்தத் தெருவுல ஒருத்தனும் இப்படிக் குடுத்ததில்ல. வெள்ளத்துரை மனுசன்’ன்னாவ. தெருவே வாசல்ல நின்னு பாத்துச்சு.”

“நான் வரட்டும்னு சொல்லியிருக்கலாம்லா?”

“முறைகாரர் வாசல்ல வந்து நிக்கும்போது, எங்க வீட்டுல உள்ளவிய வரட்டும்னு சொல்லுதது நல்லாவா இருக்கும்? ஏன் இப்படி நிக்கிய? காய்ச்சலா?”

வெள்ளத்துரை கிடங்குக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஏளா, அந்தச் சின்னப் பானை மகமை இல்ல.”

“பின்ன?”

“சர்க்காருக்கு உள்ளது. இன்கம்டாக்ஸ்.”

முத்துக்கனி முதலில் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

அந்தத் தெருவில் கடை வைத்திருந்தவர்கள் எல்லோரும் மகமை எடுத்து வைப்பவர்கள்தாம். விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒவ்வொரு சிப்பத்துக்கும் இவ்வளவு என்று பொதுவுக்கு ஒரு பங்கு. கையிலிருந்து அது பானைக்குள் விழும்போது ‘மகமை’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அது கடைக்காரன் பணம் இல்லை. பட்டினி கிடந்தாலும் அதில் கை வைப்பதில்லை. வருஷத்தில் ஒரு முறை முறைகாரர் வந்து பானைகளை வாங்கிப்போவார். அம்மன் கோயில் மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவை உடைக்கப்படும். கோயில் கொடை, பொதுக் கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் அதிலிருந்துதான் நடந்தன.

சண்டைக்காலத்தில் சீனி அளவு போட்டுத்தான் கிடைத்தது. ஊரெல்லாம் கருப்பட்டிக் காப்பி குடித்தது. கொழும்புக்குப் போகிற தோணிகள் சிப்பம் சிப்பமாக ஏற்றிக்கொண்டு போயின. வெள்ளத்துரை கனவிலும் பார்த்திராத லாபம் அது. அவருக்குக் கணக்கு எழுதுகிற சிவசுப்பிரமணிய பிள்ளை அப்போதே சொல்லிவிட்டார். “வே, இது பூராவும் உம்ம காசுன்னு நினைச்சிராதேயும். சம்பளக்காரனுக்கு மாசாமாசம் பிடிச்சிட்டுக் குடுப்பான். உமக்குப் பிடிக்க ஆளில்ல. நீரே பிடிச்சு வையும். வருசம் கழிச்சு மொத்தமா வந்து கேப்பான்.”

வெள்ளத்துரையும் பிடித்து வைத்தார். முதலில் ஒரு தகர டப்பாவில். கயத்தாற்றில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பேறுகாலம் வந்தது, டப்பா காலியானது. பிறகு அரிசிக் குதிருக்குள் ஒரு துணிப்பையில். மலிவாக ஒரு வண்டிச் சரக்கு வந்தது, பையும் காலி. நல்ல காரியத்துக்குத்தான் எடுத்தார். ஒவ்வொரு முறையும் நல்ல காரியத்துக்குத்தான். யாரோ ஓர் ஆபீசருக்கு, பார்த்தே இராத சர்க்காருக்கு என்று எடுத்து வைத்த பணம், வீட்டுக்குள் அநாதையைப் போலக் கிடந்தது. கேட்க நாதியில்லை என்று எல்லோரும் அதில் கை வைத்தார்கள். முதலில் கை வைத்தவர் அவரே.

கடையில் கை படாமல் இருந்த ஒரே பணம் மகமைப் பானையில் இருந்ததுதான். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. குயவரிடம் இன்னொரு பானை வாங்கினார். மஞ்சள் தடவினார். துணி கட்டினார். ஒவ்வொரு விற்பனைக்கும் இரண்டு பானையிலும் போட்டார். சின்னப் பானையில் போடும்போதும் ‘மகமை’ என்றே சொன்னார். சத்தமாகவே சொன்னார். அவர் காதுக்கு அது கேட்க வேண்டியிருந்தது.

பணம் நின்றது. அவரே ஆச்சரியப்படும்படி நின்றது. வெள்ளிக்காசாக விழுந்ததை அவ்வப்போது நோட்டாக மாற்றிச் சுருட்டி, துணியை விலக்கிப் போட்டார். கட்ட வேண்டிய வரி முழுவதும் சேர்ந்துவிட்டது. உடன்குடியிலிருந்து திரும்பியதும் ஆபீசில் கட்டிவிடுவதாகத்தான் இருந்தார்.

முத்துக்கனி தராசு மேடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“சாமி பேரைச் சொல்லியா சர்க்காருக்குச் சேத்திய?”

“வேற பேரைச் சொன்னா நிக்கலையே.”

“என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கப்பிடாதா?”

“உன்கிட்டச் சொன்னா உன் தம்பி கேக்கும்போது எடுத்துக் குடுத்திருவே.”

“என் தம்பி கேட்டு நாலு வருசம் ஆச்சு. உங்க தங்கச்சி போன மாசம் வந்துட்டுப் போனாளே, வெறுங்கையோடயா போனா?”

வெளியே மழை வலுத்தது. கார்த்திகை மாசத்து மழை, கடல் பக்கமிருந்து சாய்வாக அடித்தது. கிடங்கின் பரண் மேல் ஓலைச் சிப்பங்களில் கருப்பட்டி அடுக்கியிருந்தது. கீழே தரையில் தேங்காய் மட்டையும் பனங்கொட்டையும் கனன்று புகைந்துகொண்டிருந்தன. இந்தக் காற்றில் கருப்பட்டி வியர்க்கும். வியர்த்தால் இளகும். இரவும் பகலும் புகை ஏறிக்கொண்டே இருந்தால்தான் கட்டி கட்டியாக நிற்கும். முத்துக்கனி எழுந்து போய் நெருப்பைக் கிளறினாள். எதையாவது கிளறாமல் அவளால் இருக்க முடியவில்லை.

“எப்பக் கட்டணும்?”

“திங்கக்கிழமைக்குள்ள.”

“கட்டலன்னா?”

“பிள்ளைவாளைப் பாத்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெள்ளத்துரை இறங்கி நடந்தார். அவள் கஞ்சி ஊற்றி வைத்திருந்தாள். சுட்ட கருவாட்டின் வாசனை வாசல் வரைக்கும் அவர் பின்னால் வந்தது.

தெருவில் அவரால் வேகமாக நடக்க முடியவில்லை. எண்ணெய்க் கடைக்காரர் பலகையிலிருந்து எழுந்து நின்று கும்பிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் எழுந்து நின்றதே கிடையாது. மளிகைக் கடை செந்தில்வேல் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணாச்சி, பானையில ரூவா நோட்டாவே போட்டியளாமே? நாங்க அரையணா போடதுக்குள்ள கை நடுங்குது.”

வெள்ளத்துரை அந்த இடத்திலேயே கேட்டுவிட்டார். “செந்திலு, ஒரு கைமாத்து வேணும். தை பிறந்ததும் தந்திருதேன்.”

செந்தில்வேல் ஒரு கணம் விழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“மகமைக்குப் பானை நிறையக் கொட்டிக் குடுத்துட்டு எங்கிட்டக் கைமாத்தா? அண்ணாச்சிக்கு இந்த வயசுல கேலி வேற!”

அவரும் சேர்ந்து சிரிக்க வேண்டியதாயிற்று.

சிவசுப்பிரமணிய பிள்ளை வீட்டில் ஓடு ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகிய இடங்களிலெல்லாம் பாத்திரம் வைத்து, நடுவில் ஒரு நனையாத இடத்தில் மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு. வெள்ளத்துரை நடந்ததைச் சொல்லச் சொல்ல, மூக்குக்குக் கொண்டுபோன பொடியை மறந்து விரலிலேயே வைத்திருந்தார்.

“சர்க்காருக்கு மகமை எடுத்து வச்ச முதல் ஆளு நீர்தான் வே.”

“சிரிக்காதிய பிள்ளைவாள். தவணை வாங்கித் தாங்க.”

“ஒரு தடவை வாங்கியாச்சு. கையெழுத்துப் போடும்போதே ஆபீசர் என்ன சொன்னாரு தெரியுமா? ‘இந்த ஆளு மறுபடியும் வந்தா கிடங்கைப் பூட்டிச் சீல் வச்சிருவேன்’னுட்டாரு. அவரு வடக்க உள்ள ஆளு. சொன்னா செய்வாரு.”

“சீல் வச்சா, புகை போடதுக்காவது உள்ள விடுவாவளா?”

பிள்ளை பொடியை உறிஞ்சினார். தும்மினார். “அரக்கு வச்ச பூட்டு வே. எறும்புகூட ஆர்டர் வாங்கிட்டுத்தான் போகணும்.”

“இந்த மழையில நாலு நாள் புகை இல்லன்னா, உள்ள இருக்கது கருப்பட்டியா இருக்காது. வாசல் வழியா ஓடும். பாதிச் சரக்கு உடன்குடிக்காரங்ககிட்டக் கடனுக்கு எடுத்தது.”

“சர்க்காருக்கு அது கட்டியா இருந்தா என்ன, பாகா இருந்தா என்ன? ஏலம் போட்டு வந்ததை எடுத்துக்கிட்டு, மீதிக்கு உம்ம வீட்டுக்கு வருவான்.”

வெள்ளத்துரை எழுந்தார். ஒழுகுகிற பாத்திரங்களுக்கு நடுவே நாலடி நடந்தார். திரும்ப வந்தார். ஒரு பாத்திரம் நிறைந்து வழிந்தது. அதை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு வைத்தார்.

“உக்காரும் வே. எனக்குத் தலை சுத்துது. நான் ஒண்ணு கேக்கேன். பானையை உடைச்சாச்சா?”

“இல்ல. நாளைக்கு வெள்ளிக்கிழமை மண்டபத்துல வச்சுத்தான் உடைப்பாவ.”

“அப்ப இன்னும் எண்ணலை. திருப்பிக் கேளும்.”

“மகமையையா?”

“ஏன், சாமி கோவிச்சுக்கிடுமா?”

“சாமி பேசாது. ஆளுக பேசுவாவ.” வெள்ளத்துரை உட்கார்ந்தார். “எங்க தெருவுல அந்தக் காலத்துல ஒரு துணிக்கடை எரிஞ்சுது. கடைக்காரரு உள்ள பாய்ஞ்சாரு. பெட்டியை எடுப்பாருன்னு எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாவ. மகமைப் பானையை மட்டும் நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தாராம். முடியெல்லாம் கருகிப்போச்சு. மறுநாள் கூலிக்கு மூட்டை சுமக்கப் போனாரு. பானையில உள்ளதை ஒரு சல்லி தொடலை. இதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளத்தாவ. அந்தத் தெருவுல போய், நான் மகமைன்னு சொன்னது பொய்யின்னு சொல்லச் சொல்லுதிய. பொய் மகமை போட்டவன் சொல்லுத எடையை எவன் நம்புவான்? என் தராசை எவன் நம்புவான்?”

பிள்ளை பொடி மட்டையை மூடி வைத்தார். பிறகு, “அப்போ சரக்கை வித்துப் பாரும்” என்றார்.

கடற்கரையில் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. துறைமுகக் கம்பத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். தோணிகள் எல்லாம் பாய்மரத்தை மொட்டையாக வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. கப்பல்கள் எப்போதும்போலத் தொலைவில், நங்கூரம் போட்டு நின்றன. மழைத்திரை விலகும்போது ஒரு கணம் தெரிந்தன, பிறகு இல்லாமல் போயின. எந்த ஊர்க் கப்பல்களோ. அவற்றில் இருப்பவர்களுக்கும் இப்படி ஒரு திங்கட்கிழமை இருக்குமா என்று வெள்ளத்துரைக்குத் தோன்றியது. அது என்ன நினைப்பு என்று அவருக்கே விளங்கவில்லை.

மனுவேல் தண்டல் கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் மறைவில் பீடி பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோணியில்தான் ஐந்து வருஷமாக வெள்ளத்துரையின் சரக்கு ஏறியது. தோணியை ஓட்டுகிற தண்டலும் அவரே, சரக்கைக் கொழும்பில் விற்கிறவரும் அவரே.

“வாங்க அண்ணாச்சி! உங்களை நினைச்சேன், வந்துட்டிய. நூறு வயசு.”

“தண்டல், பரண்ல இருக்கதைப் பூராவும் எடுத்துக்கிடும். விலை நீரே சொல்லும்.”

“சேசுவே! இந்தக் காத்துலயா? கூண்டைப் பாக்கலியா? நாளைக்கு இறங்குனா நானும் உங்க கருப்பட்டியும் சேந்து மீனுக்குக் காப்பி போட வேண்டியதுதான்.”

“காத்து அடங்குனதும் ஏத்தும். பணத்தை மட்டும் இப்பத் தாரும்.”

மனுவேல் பீடியை வாயிலிருந்து எடுத்தார். “பணமா? அண்ணாச்சி, நான் உங்ககிட்டக் கேக்கணும்னுல்லா இருந்தேன். தோணி கிளம்பாமக் கிடந்து மூணு வாரம் ஆச்சு. ஆளுகளுக்கு அரிசி வாங்கணும். வீட்டுல விக்டோரியா குசினிக்குள்ள போகமாட்டேங்கா, போனா என்ன இருக்குங்கா. நீங்க மகமைக்கு அள்ளிக் குடுத்ததா இங்கன வரைக்கும் பேச்சு. சரி, அண்ணாச்சிகிட்ட ஒரு நூறு ரூவா வாங்கிக்கிடலாம்னு...”

வெள்ளத்துரை மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“தண்டல், ஒண்ணு கேக்கேன். மாதா கோயிலுக்குன்னு நேந்து போட்டதை உங்க ஆளுக எவனாவது திருப்பிக் கேட்டிருக்கானா?”

“முத்துக்குளிக்கும்போது கோயிலுக்குன்னு ஒரு நாள் சிப்பியை ஒதுக்குவாவ, எங்க அய்யா சொல்லுவாரு. அந்தச் சிப்பியில என்ன முத்து இருக்குன்னு குளிச்சவன் பாக்கக்கூட மாட்டானாம். பாத்தா ஆசை வந்திருமில்லா? கேக்கதாவது!” மனுவேல் ஒருக்களித்துப் பார்த்தார். “ஏன் அண்ணாச்சி கேக்கிய?”

“சும்மாதான்.”

“நூறு இல்லாட்டா ஒரு அம்பது?”

வெள்ளத்துரை மடியை அவிழ்த்துப் பார்த்தார். வண்டிக்கூலி போக மீதி இரண்டு ரூபாய் இருந்தது. அதை மனுவேல் கையில் வைத்துவிட்டு எழுந்து நடந்தார்.

அவர் வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கவில்லை. மழை மூட்டத்தில் இருட்டியதுபோல இருந்தது. கிடங்குக்குள் புகை அடர்ந்து நின்றது. முத்துக்கனி பரணுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து மட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. புகையா, வேறெதுவுமா என்று அவர் கேட்கவில்லை.

“எதுத்த வீட்டுச் செல்லத்தாய் வந்தா. நாளைக்கு மண்டபத்துல முதல் விளக்கு நான்தான் ஏத்தணுமாம். உங்களுக்கு மாலை. பானையை உங்க கையாலதான் உடைக்கணுமாம். சேலை எடுத்து வச்சிட்டியான்னு கேக்கா. என் சேலையில பாதி கருப்பட்டிக் கறை. இதுல எதை எடுத்து வைக்க?”

“நான் போகலை.”

“போகாட்டா அவியளே உடைப்பாவ.”

அவர் அவள் பக்கத்தில் குந்தினார். அவள் காதிலிருந்த பாம்படத்தைத் தொட்டாள். “இதைக் கழத்தித் தாரேன்.”

“அதை வித்தா காப்பங்குக்குக் காணாது. காது மூளியா நாளைக்கு விளக்கேத்தப் போவியோ?”

“விளக்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நேத்து வரைக்கும் இந்தத் தெருவுல என்னை ஒருத்திக்கும் தெரியாது. கருப்பட்டிக்காரர் பொஞ்சாதி, அம்புட்டுத்தான். நேத்து எல்லாரும் பேரு சொல்லிக் கூப்பிட்டாளுவ. ராத்திரி பூரா உறக்கமே வரலை, சந்தோசத்துல.” அவள் ஒரு மட்டையை ஓங்கி நெருப்பில் போட்டாள். பொறி பறந்தது. “நான் கேக்கேன்.”

“என்னது?”

“குடுத்தது என் கைதானே? நான் தெரியாமக் குடுத்துட்டேன்னு கேக்கேன். பொம்பளை, புத்தி இல்லாம எடுத்துக் குடுத்துட்டான்னு நினைச்சிட்டுப் போறாவ. உங்க பேரு கெடாது.”

“உன் பேரு?”

“எனக்கு ஒரு நாள்தானே பேரு இருந்துச்சு. போனாப் போகுது.”

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. ஆனால் பரணைப் பார்த்தார். சிப்பங்களின் ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஈரம் மினுங்கியது. அன்று அவர் சாப்பிட உட்கார்ந்து, பாதியில் எழுந்தார். பிறகு மறுபடி வந்து உட்கார்ந்து, ஆறிப்போனதைத் தின்றார்.

மறுநாள் காலையில் மழை விட்டுவிட்டுப் பெய்தது. அம்மன் கோயில் மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். போகவில்லை என்றிருந்த வெள்ளத்துரையும் வந்து ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்தார். ஈர வேட்டி, கதம்பம், சூடம் எல்லாம் கலந்த வாடை. நடுவில் தலைவாழை இலைகளைப் பரப்பி, தெருவின் பானைகளையெல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். அந்தச் சின்னப் பானையை மட்டும் தனியாக ஒரு முக்காலியின் மேல் தூக்கி வைத்து, அதற்கும் ஒரு சரம் பூ சுற்றியிருந்தார்கள்.

முத்துக்கனி விளக்கை ஏற்றினாள். திரி ஈரம், இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது.

தாணுலிங்கம் எழுந்தார். மெலிந்த உயரமான கிழவர். தெருவில் யாரும் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை. வெள்ளத்துரைக்கு அவர் ஒருவகையில் பெரியப்பா முறை.

“நம்ம பள்ளிக்கூடம் ரெண்டு வருசமா சுவரோட நிக்கி. மேல மரம் போட முடியலை. பிள்ளைய மழைக்கு எழுந்திரிச்சு ஓடுதுவ. இந்தப் பானையைக் கையில வாங்கும்போது எனக்கு முதல்ல ஓட்டுக் கூரைதான் தெரிஞ்சுது. வெள்ளத்துரை நிறையப் பேசமாட்டான். பேசுதவன் குடுக்கமாட்டான்.” மண்டபம் சிரித்தது. “ஏலே, இங்கன வா.”

மாலை வெள்ளத்துரையின் கழுத்தில் விழுந்தது. பூவிலிருந்த மழைத்தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது. தாணுலிங்கம் ஒரு மரச்சுத்தியலை அவர் கையில் கொடுத்தார்.

“முதல்ல இதை உடை. பெறவு மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம்.”

வெள்ளத்துரை சுத்தியலை வாங்கினார். அது கனமில்லாத சுத்தியல். பானைக்கு மேலே தூக்கினார். ஒவ்வொரு நாளும் அந்தத் துணியை விலக்கி விட்ட விரல்கள் இப்போது மரப்பிடியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்திருந்தன. பெண்கள் பக்கம் குலவையிட ஒருத்தி வாயருகே கையைக் கொண்டுபோனாள்.

“உடைக்காதிய!”

எல்லோரும் திரும்பினார்கள். முத்துக்கனி எழுந்து நின்றிருந்தாள். அவள் கைகள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தன.

“மாமா, அந்தப் பானையை நான் தெரியாம எடுத்துக் குடுத்துட்டேன். அது மகமை இல்ல. சர்க்காருக்குக் கட்ட வச்சிருந்தது. எனக்குப் புத்தி இல்ல, ரெண்டும் பக்கத்துல இருந்துச்சு, மாத்திக் குடுத்துட்டேன்.”

யாரோ ஒருத்தி “ஐயோ, ஏளா” என்றாள். செல்லத்தாய் அவள் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். முத்துக்கனி உட்காரவில்லை.

தாணுலிங்கம் கோபப்படவில்லை. முக்காலியின் அருகே வந்து குனிந்து பானையைப் பார்த்தார். சுண்டுவிரலால் அதன் வயிற்றைத் தடவி, விரலில் ஒட்டிய மஞ்சளை வெளிச்சத்தில் பார்த்தார்.

“மாறிப்போச்சுங்கியே தாயி. மஞ்சள் தடவியிருக்கே. வாயில மகமைத் துணி கட்டியிருக்கே. சர்க்காருக்குச் சேக்குத பானைக்கு யாரு மஞ்சள் தடவுவா?”

முத்துக்கனி வாயைத் திறந்தாள். சேலைத் தலைப்பை இன்னும் ஒரு சுற்றுச் சுருட்டினாள். பிறகு, “நான்தான் தடவுனேன்” என்றாள்.

“எதுக்கு?”

“சும்மா... பானை நல்லா இருக்கட்டும்னு...”

ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. நேற்று எழுந்து நின்று கும்பிட்ட எண்ணெய்க் கடைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். சொன்னது எல்லோருக்கும் கேட்டது. “குடுத்துட்டு ராத்திரி கணக்குப் பாத்திருப்பா. வயிறு எரிஞ்சிருக்கும்.” மறுபடியும் சிரிப்பு. செந்தில்வேல், “பொம்பளை கையில சாவியைக் குடுத்தா இப்படித்தான்” என்றான். முத்துக்கனியின் முகம் தாழ்ந்தது. பாம்படங்கள் இரண்டும் அவள் கன்னத்தோரம் ஆடிக்கொண்டிருந்தன. அப்படியும் அவள் உட்காரவில்லை.

வெள்ளத்துரை அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். பிறகு இலையின் ஓரத்தில், மற்றப் பானைகளின் காலடியில் வைத்தார். சுத்தியலையும் அதன் பக்கத்தில் வைத்தார்.

“அவ மேல குத்தமில்ல, பெரியப்பா. நான்தான் மஞ்சள் தடவுனேன். துணியையும் நான்தான் கட்டுனேன். மகமைன்னு சொல்லித்தான் ஒவ்வொரு காசையும் போட்டேன்; அவகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். சர்க்காருக்குன்னு வச்சா என் கை நிக்கமாட்டேங்கு. அம்மன் பேரைச் சொன்னாத்தான் நின்னுச்சு. பொய்தான். ஒவ்வொரு நாளும் சொன்ன பொய்.”

சிரிப்பு நின்றுவிட்டது. மழை மறுபடியும் பிடித்துக்கொண்டு மண்டபத்துக் கல்லில் விழுந்தது. முக்காலியின் மேலிருந்த பானையை அவர் தொடவில்லை. அதன் இரு பக்கமும் கையை விரித்து, காற்றில் விளக்கு அணையாமல் காக்கிறவர்போல நின்றார்.

“திங்கக்கிழமை கிடங்கைப் பூட்டிச் சீல் வச்சிருவாவ. புகை இல்லன்னா அம்புட்டும் ஓடிரும். மகமைன்னு சொன்னதைத் திருப்பிக் கேக்கக் கூடாது, எனக்குத் தெரியும். இந்தத் தெருவுல ஒருத்தனும் கேட்டதில்ல. நான் கேக்கேன். பெரியப்பா, இந்த ஒரு பானையை எங்கிட்டத் திருப்பித் தாங்க.”